நாயைப் பழக்கும் கிளப்: சேரும் முன் ஒரு நாள் சும்மா போய்ப் பாருங்கள்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஈப்போவைச் சுற்றியுள்ள தாமான்களில் மாலை நேரத்தில் நடந்து போனால் ஒரு காட்சி அடிக்கடி கண்ணில் படும். பூட்டிய கேட். கேட்டுக்குப் பின்னால் ஒரு நாய். கழுத்தில் சங்கிலி. தெருவில் யார் போனாலும் சங்கிலி அறுந்துவிடும் போல இழுத்துக்கொண்டு குரைக்கும். வீட்டுக்காரர் உள்ளே இருந்து, "டேய், சும்மா இரு!" என்று கத்துவார். நாய் இன்னும் பலமாகக் குரைக்கும். எஜமானும் தன்னோடு சேர்ந்து குரைக்கிறார் என்று அது நினைத்துக்கொள்கிறதோ என்னவோ!

இதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் ஒரு நாள் அந்த கேட்டைச் சாத்த யாராவது மறந்துவிடுவார்கள். அன்றைக்குத் தெருவில் சைக்கிள் ஓட்டிக்கொண்டு ஒரு பிள்ளை வரும். அதற்குப் பிறகு நடப்பது எல்லாருக்கும் தெரியும். மருத்துவமனை, அக்கம்பக்கத்தாரின் சண்டை, மாநகர் மன்றத்துக்குப் புகார். கடைசியில் அந்த நாயைக் காரில் ஏற்றி, எங்கோ ஒரு செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார்கள். நாய் கெட்ட நாய் அல்ல. அதற்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தச் சொல்லிக்கொடுக்கும் வேலைக்காகவே நாய்ப் பயிற்சி கிளப்புகள் இருக்கின்றன. அவற்றில் நல்லதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதே இன்றைய பேச்சு.

தோட்டத்தில் யார் பயிற்சி கொடுத்தார்கள்?

"எங்கள் தாத்தா காலத்தில் நாய்க்குப் பயிற்சியா கொடுத்தார்கள்? சோறு போட்டார்கள், அது வாலாட்டிக்கொண்டு கிடந்தது" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பதில் சொல்லியாக வேண்டும்.

பேராக் மாநிலத்துக்கும் ரப்பருக்கும் உள்ள உறவு பழையது. 1877-இல் கோலகங்சாரில் நடப்பட்ட கன்றுகளிலிருந்து அந்தக் கதை தொடங்குகிறது. பின்னர் சுங்கை சிப்புட், செமோர், பத்து காஜா, தெலுக் இந்தான் என்று எங்கு பார்த்தாலும் தோட்டங்கள். தோட்டம் என்றால் லயம். லயம் என்றால் நாய்கள். விடியற்காலையில் பிரட்டுக்குப் போகும் ஆளோடு நாயும் போகும். பால்மரக் காட்டில் வாளி தூக்கும் அம்மாவுக்கு முன்னால் ஓடி, பாம்பு கிடந்தால் நின்று குரைக்கும். மத்தியானம் திரும்பி வந்து வாசலில் படுக்கும்.

அந்த நாயைக் கட்டிப்போட்டவர் யாரும் இல்லை. பிறந்த நாளிலிருந்து அது ஐம்பது பேரைப் பார்த்தது. பிள்ளைகள் அதன் மேல் விழுந்து புரண்டார்கள். கோழியைத் துரத்தினால் ஒரு பாட்டி விளக்குமாற்றால் விரட்டினார். லாரி, டிராக்டர், திருவிழா மேளம், பட்டாசு எல்லாம் அதற்குப் பழக்கம். லயம் முழுவதும் அதற்குப் பள்ளிக்கூடம். அங்கு இருந்த எல்லாரும் வாத்தியார்.

அந்தக் காலம் நாய்களுக்குச் சொர்க்கமாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. தடுப்பூசி கிடையாது. குட்டி போட்டால் பாதி செத்துப்போகும். அடியும் உதையும் தாராளம். ஆனாலும் மனிதர்களோடு எப்படி இருப்பது என்பதை நாய் தானாகவே கற்றுக்கொள்ள அங்கே வழி இருந்தது.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சில இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. குடும்பங்கள் புந்தோங்குக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் புதுத் தாமான்களுக்கும் குடிபெயர்ந்தன. கூடவே நாயும் வந்தது. ஆனால் அந்தப் பள்ளிக்கூடம் வரவில்லை! வரிசை வீட்டில் நாய்க்குக் கிடைப்பது கார் நிறுத்தும் இடத்தில் ஒரு மூலை. காலையில் அப்பாவும் அம்மாவும் வேலைக்கு, பிள்ளைகள் பள்ளிக்கு. பத்து மணி நேரம் அது தனியாக கேட்டுக்கு வெளியே போகிறவர்களை முறைத்துக்கொண்டு நிற்கிறது.

அண்டை வீட்டார் எல்லாரும் தோட்டத்து உறவுக்காரர்களும் அல்லர். பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம் இருக்கலாம். நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும் என்பது அவர்களுடைய சமய நெறி. "எங்கள் ஜிம்மி ஒன்றும் செய்யாது, விளையாடத்தான் வருகிறது" என்று சொல்லும்போது, அந்த விளையாட்டே அவருக்கு எவ்வளவு சங்கடம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். கூப்பிட்டவுடன் திரும்பி வரும் நாய், நல்ல அண்டை வீட்டாருக்கு அடையாளம்.

ஆகவே பயிற்சி கிளப் என்பது பணக்காரர்களின் பொழுதுபோக்கு அல்ல. தோட்டத்து லயம் இலவசமாகச் செய்து கொடுத்த வேலையைத் தாமானில் யாராவது செய்தாக வேண்டும். அதற்குத்தான் கிளப்.

நாயால் முடியும்

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல் இருக்கிறது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தது; 1,400 ஆண்டுப் பழமையானது. எருமைகளை மீட்கப் போராடி மாண்ட வீரனின் உருவத்துக்குப் பக்கத்தில் அவனுடைய நாயின் உருவமும் இருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்று கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். நாய்க்குப் பெயரும் கொடுத்து, அதன் வேலையையும் பதிந்து வைத்தவர்கள் தமிழர்கள்.

இந்த நாட்டிலும் உதாரணம் உண்டு. 2007-இல் லக்கி, ஃபிளோ என்ற இரண்டு லேப்ரடார் நாய்கள் மலேசியாவுக்குக் கொண்டுவரப்பட்டன. டிவிடி தட்டுகளின் வாசனையைப் பிடிக்கப் பழக்கப்பட்டவை. ஜொகூர் பாருவில் பதுக்கியிருந்த திருட்டுத் தட்டுகளை மோப்பம் பிடித்துக் காட்டிக்கொடுத்தன. அவற்றின் தலைக்குத் திருட்டுக் கும்பல் விலை வைத்திருப்பதாகக்கூட அப்போது செய்தி வந்தது! 2022 டிசம்பர் 16-ஆம் நாள் பத்தாங் காலி நிலச்சரிவில் 31 பேர் உயிரிழந்தபோது, மண்ணுக்கு அடியில் புதைந்தவர்களைத் தேடியவர்களில் தீயணைப்புத் துறையின் நாய்களும் இருந்தன.

இத்தனை செய்ய முடிந்த பிராணிக்கு, "உட்கார்", "வா", "விடு" என்ற மூன்று சொல் புரியாதா? நாயால் முடியும். சொல்லிக்கொடுக்கத் தெரிந்த மனிதர்தான் தேவை.

உங்களுக்கு எது வேண்டும்?

கிளப்பைத் தேடும் முன் வீட்டில் ஒரு கேள்விக்குப் பதில் காண வேண்டும். நாயிடமிருந்து என்ன எதிர்பார்க்கிறீர்கள்?

சில கிளப்புகள் போட்டிக்காகப் பழக்குகின்றன. இதன் வரலாறு சுவையானது. அமெரிக்காவில் ஹெலன் வைட்ஹவுஸ் வாக்கர் என்ற பெண்மணி பூடில் நாய் வளர்த்தார். அழகு பொம்மை என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். அதற்கு மூளையும் உண்டு என்று காட்ட, 1933-இல் நியூயார்க் மாநிலத்தில் கீழ்ப்படிதல் போட்டி ஒன்றை நடத்தினார். பங்கெடுத்தவை வெறும் 8 நாய்கள். 1936-இல் அமெரிக்க நாய் வளர்ப்புச் சங்கம் அதற்கு விதிகளை வகுத்தது. இன்று உலகமெங்கும் நடக்கும் கீழ்ப்படிதல் போட்டிகளுக்கு அந்த முயற்சி ஒரு முன்னோடி. போட்டி ஆசை உள்ளவர்களுக்கு இத்தகைய கிளப் ஏற்றது.

சில இடங்களில் காவலுக்கும் தாக்குதலுக்கும் பழக்குகிறார்கள். குடும்பங்கள் இதில் மிகவும் யோசிக்க வேண்டும். கடிக்கக் கற்றுக்கொடுத்த நாயை நிறுத்தவும் தெரிந்த ஒருவர் எந்நேரமும் வீட்டில் இருக்க வேண்டும். பாட்டியும் பேரப் பிள்ளையும் மட்டும் இருக்கும் வீட்டுக்கு அது ஆயுதம் போன்றது.

பெரும்பாலான குடும்பங்களுக்கு வேண்டியது மூன்றாவது வகை, அதாவது வீட்டுப் பழக்கம். கூப்பிட்டால் வருவது, கயிற்றை இழுக்காமல் கூட நடப்பது, விருந்தாளி மேல் பாயாமல் இருப்பது, வாயில் வைத்ததை விடச் சொன்னால் விடுவது, ஓரிடத்தில் பொறுமையாகப் படுத்திருப்பது. இந்த ஐந்தும் போதும். சுவர் நிறையக் கோப்பைகள் வைத்திருக்கும் கிளப், இந்த ஐந்தையும் நன்றாகச் சொல்லிக்கொடுக்கும் என்று சொல்ல முடியாது.

முதல் நாள் நாயை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்

மிக முக்கியமான ஆலோசனை இதுதான். பணம் கட்டும் முன், நாய் இல்லாமல் ஒரு முறை போய் முழு வகுப்பையும் உட்கார்ந்து பாருங்கள். "வெளியாட்கள் பார்க்கக்கூடாது" என்று சொன்னால், நன்றி சொல்லிவிட்டு வேறு இடம் தேடுங்கள். மறைக்க எதுவும் இல்லாதவர்கள் நாற்காலி போட்டு உட்காரச் சொல்வார்கள்.

அங்கே போனதும் பயிற்சியாளரைப் பார்க்காதீர்கள், நாய்களைப் பாருங்கள். வால் தளர்ந்து ஆடுகிறதா, இல்லை கால்களுக்கு நடுவே ஒடுங்கி இருக்கிறதா? காது பின்னுக்கு மடிந்து, அடிக்கடி உதட்டை நக்கி, தூக்கம் இல்லாமலேயே கொட்டாவி விடுகிறதா? கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்க்கிறதா? இவையெல்லாம் பயத்தின் அடையாளங்கள். ஒரு நாய் அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "ஆகா, என்ன கட்டுப்பாடு!" என்று வியந்துவிட வேண்டாம். பயத்தில் உறைந்த நாயும் அசையாமல்தான் இருக்கும்.

அடுத்து, உறுமும் நாயை அங்கே என்ன செய்கிறார்கள் என்று கவனியுங்கள். உறுமல் என்பது எச்சரிக்கை மணி. அடித்து அதை நிறுத்திவிட்டால் நாயின் பயம் போகாது, மணி மட்டும்தான் போகும். அப்புறம் அது சத்தமில்லாமல் கடிக்கும். நல்ல பயிற்சியாளர் உறுமும் நாயைத் தள்ளி நிறுத்தி, எதற்குப் பயப்படுகிறது என்று முதலில் பார்ப்பார்.

பிறகு மனிதர்களைப் பாருங்கள். பயிற்சியாளர் நாயோடு பேசுவதைவிட உரிமையாளரோடு அதிகம் பேசுகிறாரா? அப்படியானால் நல்ல இடம். வாரத்தில் ஒரு மணி நேரம் நாய் பயிற்சியாளரோடு இருக்கிறது. மீதி 167 மணி நேரம் குடும்பத்தோடு இருக்கிறது. பழக வேண்டியவர் யார் என்று கணக்கே சொல்லிவிடுகிறது!

அடித்தால்தான் படியுமா?

"நாய்க்கு யார் தலைவன் என்று காட்ட வேண்டும், குப்புறத் தள்ளி அமுக்கினால்தான் அடங்கும்" என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர், அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்கள் தலைமைக்காகச் சண்டையிடுவதை எழுதினார். 1970-இல் டேவிட் மெக் எழுதிய ஓநாய் பற்றிய நூல் அந்தக் கருத்தைப் பரப்பியது. ஆனால் அதே மெக், காட்டில் வாழும் ஓநாய்களைப் பல ஆண்டுகள் கவனித்த பின், 1999-இல் வேறு விதமாக எழுதினார். காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட குடும்பம். அங்கே தலைமைக்கு அன்றாடம் சண்டை இல்லை என்றார். எழுதியவரே திருத்திக்கொண்ட பிறகும் சிலர் பழைய பாடத்தையே நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

கேரன் பிரையர் என்ற அமெரிக்கப் பெண்மணி 1960-களில் ஹவாயில் டால்பின்களைப் பழக்கினார். டால்பினுக்குச் சங்கிலி போட முடியாது, அடிக்கவும் முடியாது. கோபித்துக்கொண்டால் நீந்திப் போய்விடும். கையில் இருந்தது ஒரு விசிலும் ஒரு வாளி மீனும்தான். சரியாகச் செய்த அதே நொடியில் விசில், உடனே மீன். அதை வைத்தே எல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். 1984-இல் அவர் எழுதிய நூலுக்குப் பிறகு, நாய் பழக்குவோர் பலர் அந்த முறைக்கு மாறினார்கள்.

2020-இல் போர்த்துகலில் ஓர் ஆய்வு வெளிவந்தது. பயிற்சிப் பள்ளிகளுக்குப் போகும் 92 வீட்டு நாய்களை ஆராய்ந்தார்கள். பரிசு கொடுத்துப் பழக்கிய நாய்களைவிட, கழுத்தை இறுக்கியும் அதட்டியும் பழக்கிய நாய்களிடம் மன அழுத்தத்தின் அறிகுறிகள் அதிகம் இருந்தன. பயிற்சி முடிந்தபின் எடுத்த எச்சிலிலும் மன அழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிசால் கூடியிருந்தது. மின்னதிர்ச்சி கொடுக்கும் கழுத்துப் பட்டையை வேல்ஸ் நாடு 2010-லேயே தடை செய்துவிட்டது. ஆகவே முள் பட்டை, மின் பட்டை, கழுத்தை இறுக்கும் சங்கிலி ஆகியவற்றை முதல் நாளே எடுத்து நீட்டும் கிளப்பைவிட, வேகவைத்த கோழித் துண்டுகளைக் கையில் வைத்திருக்கும் கிளப்பே மேல்.

கேட்க வேண்டிய கேள்விகள்

வகுப்பு முடிந்ததும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

ஒன்று: தடுப்பூசி அட்டையைப் பார்க்கிறார்களா? பார்க்காத இடத்துக்குக் குட்டியைக் கொண்டு போகாதீர்கள். பார்வோ நோய் குட்டிகளை வேகமாகக் கொல்லும். 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் பரவியது. கெடாவும் பினாங்கும் பேராக்கின் எல்லையிலேயே இருக்கின்றன.

இரண்டு: எந்த வயதில் சேர்க்கலாம்? "ஆறு மாதம் ஆகட்டும்" என்பது பழைய வழக்கம். குட்டியின் மனம் உலகத்துக்குத் திறந்திருக்கும் காலம் ஏறத்தாழ மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை. முதல் தடுப்பூசி போட்டு ஒரு வாரம் ஆன குட்டியைச் சுத்தமான இடத்தில் நடக்கும் குட்டிகள் வகுப்பில் சேர்க்கலாம் என்பதே இன்று கால்நடை நடத்தை மருத்துவர்களின் கருத்து. வயதான நாயும் கற்றுக்கொள்ளும், நேரம்தான் கூடுதலாகும்.

மூன்று: ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை நாய்கள்? ஆறு, எட்டு வரை சரி. இருபது நாய்களை ஒருவர் மேய்த்தால் அது சந்தை.

நான்கு: குடும்பத்தார் எல்லாரும் வரலாமா? இது நம் வீடுகளுக்கு மிகவும் தேவை. பாட்டி "வாடா" என்பார், மகன் "கம்" என்பான், மகள் "சினி" என்பாள். மூன்று மொழியில் கூப்பிட்டால் நாய் யார் பேச்சைக் கேட்கும்? ஒரு செயலுக்கு ஒரு சொல் என்று வீட்டில் முடிவு செய்யுங்கள். தமிழிலேயே சொல்லலாம். நாய்க்கு எந்த மொழியும் ஒன்றுதான், மாறாமல் இருந்தால் போதும்.

ஐந்து: எத்தனை மணிக்கு வகுப்பு? ஈப்போ வெயிலில் மத்தியானம் தார் ரோட்டில் நாயை நடத்துவது கொடுமை. காலை அல்லது மாலை, நிழல், தண்ணீர் என்று ஏற்பாடு இருக்க வேண்டும். மழையால் வகுப்பு நின்றால் மாற்று நாள் உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆறு: "நூற்றுக்கு நூறு உத்தரவாதம்" தருகிறார்களா? தந்தால் விலகி விடுங்கள். உயிருள்ள பிராணிக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. அதேபோல், "நாயை விட்டுவிட்டுப் போங்கள், ஒரு மாதத்தில் பழக்கித் தருகிறோம்" என்பவர்களிடமும் கவனம் தேவை. அந்த ஒரு மாதம் என்ன நடந்தது என்பதைச் சொல்ல நாய்க்கு வாய் இல்லை. திரும்பி வந்தபின் அது பயிற்சியாளர் பேச்சைக் கேட்கும், உங்கள் பேச்சைக் கேட்காது.

ஏற்கெனவே யாரையாவது கடித்த நாயாக இருந்தால், கூட்டமான வகுப்புக்கு நேராகக் கொண்டு போகாதீர்கள். முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காது வலி, பல் வலி, மூட்டு வலி இருந்தாலும் நாய் கடிக்கும். அதன் பிறகு தனிப் பயிற்சி.

எங்கே விசாரிப்பது?

ஈப்போவில் பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கம் இருக்கிறது. வழக்கமாகப் போகும் கால்நடை மருத்துவரிடம் கேட்கலாம். பழகிய நாய் எது, பயந்த நாய் எது என்று மேசையில் ஏற்றும்போதே அவருக்குத் தெரிந்துவிடும். போட்டி விருப்பம் உள்ளவர்கள் 1925-இல் தொடங்கப்பட்ட மலேசிய கெனல் சங்கத்தை விசாரிக்கலாம். தெருவில் அமைதியாக நடந்து போகும் நாயைக் கண்டால், அதன் உரிமையாளரை நிறுத்தி, "எங்கே பழக்கினீர்கள்?" என்று கேளுங்கள். இதைவிட நல்ல விளம்பரம் இல்லை.

சுங்கை சிப்புட்டிலிருந்தோ தெலுக் இந்தானிலிருந்தோ வாரந்தோறும் ஈப்போவுக்கு வருவது சிரமம். ஒரே தாமானில் உள்ள ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து, நல்ல பயிற்சியாளர் ஒருவரை மாதம் இரண்டு முறை தங்கள் இடத்துக்கு அழைக்கலாம். பொதுத் திடலாக இருந்தால் நகராண்மைக் கழகத்திடமும் அனுமதி பெற்று, அக்கம்பக்கத்தாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

எந்த கிளப்பில் சேர்ந்தாலும் வீட்டுப் பாடம் உண்டு. நாளுக்கு மூன்று முறை, முறைக்கு ஐந்து நிமிடம். அதற்கு நேரம் இல்லை என்றால் நாய் வளர்க்கவும் நேரம் இல்லை என்று பொருள்.

சட்டமும் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் 2017-இல் நடைமுறைக்கு வந்தது. பிராணியை வதைப்பவருக்கு 20,000 ரிங்கிட்டிலிருந்து 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பயிற்சி என்ற பெயரில் செய்தாலும் வதை வதைதான்.

நேயர்களே, நாய் பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் குடும்பத்தோடு வாழப்போகும் உயிர். டிவி வாங்க நான்கு கடை ஏறி இறங்குகிறவர்கள், நாயைப் பழக்கும் இடத்துக்கு ஒரு சனிக்கிழமை காலையை ஒதுக்கலாம். போய் உட்காருங்கள், வாலைப் பாருங்கள், கேள்வி கேளுங்கள். நாய்கள் மகிழ்ச்சியாக ஓடி வரும் இடம் எதுவோ, அதில் சேருங்கள்.